நிலவில் முதல் காலடி பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்: ஐயங்களுக்கு அவர் விட்டுச்சென்ற விடை

சந்திரயான்-3 விண்கலம் 2023-ஆம் ஆண்டு நிலவில் தரையிறங்கிய ஆகஸ்ட் 23-ஆம் தேதியை இந்தியா தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடி வருகிறது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று வருவது நீல் ஆம்ஸ்ட்ராங்கின் நினைவு நாள். நிலவில் முதன்முதலாகக் காலடி பதித்த அந்த அமெரிக்க விண்வெளி வீரர் 2012-ஆம் ஆண்டு தமது 82-ஆவது வயதில் மறைந்தார். அவரைப் பற்றிய நினைவுகள் பகிரப்படும்போதெல்லாம் ஒரு பழைய ஐயமும் கூடவே தலைதூக்குகிறது. மனிதன் உண்மையிலேயே நிலவுக்குச் சென்றானா, அல்லது அது படப்பிடிப்புத் தளத்தில் அரங்கேறிய நாடகமா என்பதே அது. இந்த ஐயத்தை எடைபோட நிலவிலிருந்து வந்த கற்களும் படங்களும் உள்ளன. ஆம்ஸ்ட்ராங் வாழ்ந்த விதமும் அதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்கிறது.

தணிக்கையாளரின் மகன்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள வாபகொனேட்டா என்ற சிற்றூருக்கு அருகே 1930 ஆகஸ்ட் 5 அன்று ஆம்ஸ்ட்ராங் பிறந்தார். தந்தை ஸ்டீபன் மாநில அரசின் கணக்குத் தணிக்கையாளர். பணியின் பொருட்டு அவர் ஊர் ஊராக மாற, குடும்பமும் உடன் சென்றது. ஆறாவது வயதில் தந்தையுடன் முதன்முறையாக விமானத்தில் பறந்த சிறுவனுக்கு, அதன் பிறகு வானமே கனவாயிற்று. பதினாறு வயதில் விமானம் ஓட்ட உரிமம் பெற்றபோது, அவரிடம் கார் ஓட்டும் உரிமம் இல்லை.

கடற்படையின் உதவித்தொகையுடன் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். படிப்பின் இடையே கடற்படை அழைத்தது. கொரியப் போரில் 78 முறை போர் விமானத்தில் பறந்தார். 1951 செப்டம்பரில் தாழப் பறந்து தாக்குதல் நடத்தியபோது, குறுக்கே கட்டப்பட்டிருந்த கம்பி ஒன்று அவரது விமானத்தின் இறக்கையில் ஒரு பகுதியை வெட்டியெறிந்தது. சிதைந்த விமானத்தை நட்புப் படைகளின் பகுதி வரை ஓட்டிவந்து, பாராசூட் மூலம் உயிர் தப்பினார். அப்போது அவருக்கு வயது 21.

போர் முடிந்து பட்டம் பெற்றவர், கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் சோதனை விமானியானார். எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தில் ஏழு முறை பறந்து, ஏறத்தாழ 63 கிலோமீட்டர் உயரம் வரை சென்றார். ஒவ்வொரு பறப்பும் விமானத்தின் குறைகளைக் கண்டறிந்து பதிவுசெய்யும் பணி. தவறு எங்கே நேர்ந்தது என்பதை மறைக்காமல் எழுதிவைப்பதும் சோதனை விமானியின் கடமைகளுள் ஒன்று.

அக்காலத்தில்தான் அவர் வாழ்வின் பெரிய இழப்பும் நேர்ந்தது. மூளையில் ஏற்பட்ட கட்டியால் அவதிப்பட்டு வந்த அவருடைய மகள், மூன்று வயது நிறையும் முன்பே 1962 ஜனவரி 28 அன்று இறந்தாள். அன்று அவருடைய திருமண நாள். அந்தத் துயரத்தைப் பற்றி அவர் வெளியில் அதிகம் பேசியதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், நாசா தேர்ந்தெடுத்த இரண்டாவது விண்வெளி வீரர் குழுவின் ஒன்பது பேரில் ஒருவரானார்.

விண்வெளியில் சுழன்ற கலம்

1966 மார்ச் 16 அன்று டேவிட் ஸ்காட்டுடன் ஜெமினி-8 கலத்தில் ஆம்ஸ்ட்ராங் விண்வெளிக்குச் சென்றார். விண்ணில் இரு கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாதனை அன்று முதன்முறையாக நிகழ்ந்தது. சற்று நேரத்தில் இணைந்த கலங்கள் சுழலத் தொடங்கின. மற்றொரு கலத்தில்தான் கோளாறு என்று எண்ணிப் பிரிந்தபோது, சுழற்சி இன்னும் வேகம் பிடித்தது. ஜெமினியின் உந்துகருவி ஒன்று நிற்காமல் இயங்கியதே காரணம். விநாடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று என்ற வேகத்தில், வீரர்கள் நினைவிழக்கும் அபாயம் நெருங்கியது. பூமிக்குத் திரும்பும்போது மட்டும் பயன்படுத்த வேண்டிய உந்துகருவிகளை இயக்கி ஆம்ஸ்ட்ராங் கலத்தை நிலைப்படுத்தினார். பயணம் 11 மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளப்பட்டது.

1968 மே 6 அன்று ஹூஸ்டன் அருகே நிலவில் இறங்குவதற்கான பயிற்சி ஊர்தியை ஓட்டியபோது, அது கட்டுப்பாட்டை இழந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியேறிப் பாராசூட்டில் இறங்கினார். ஊர்தி விழுந்து எரிந்தது. அவரோ அன்றே அலுவலகத்துக்குத் திரும்பித் தம் மேசையில் வேலையைத் தொடர்ந்தார்.

அமைதிக் கடலில் இறங்கிய தருணம்

1969 ஜூலை 16 அன்று சாட்டர்ன்-5 ராக்கெட் அப்போலோ-11 கலத்தைச் சுமந்து புறப்பட்டது. ஆம்ஸ்ட்ராங் தலைவர். பஸ் ஆல்ட்ரினும் மைக்கேல் காலின்ஸும் உடன் சென்றனர். காலின்ஸ் தாய்க்கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, மற்ற இருவரும் ஈகிள் என்ற இறங்குகலத்தில் கீழ்நோக்கிச் சென்றனர்.

இறங்கும்போது கணினி, வேலைப்பளு தாங்காமல் மீண்டும் மீண்டும் எச்சரிக்கை விடுத்தது. குறித்த இடத்தைத் தாண்டிச் சென்ற கலம், பாறைகள் நிறைந்த பெரும் பள்ளத்தை நோக்கி விரைந்தது. ஆம்ஸ்ட்ராங் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, சமதளமான இடம் தேடிக் கலத்தை முன்னே செலுத்தினார். அவரது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐ எட்டியதைக் கருவிகள் பதிவுசெய்தன. எரிபொருள் குறித்த முப்பது விநாடி எச்சரிக்கை ஹூஸ்டனிலிருந்து ஒலித்த சிறிது நேரத்தில், ஈகிள் அமைதிக் கடல் என்னும் சமவெளியில் இறங்கியது. இந்திய நேரப்படி அப்போது ஜூலை 21 அதிகாலை 1.47 மணி. அன்று காலை 8.26 மணிக்கு, 38 வயதான ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து இறங்கி நிலவின் மண்ணில் இடது காலை ஊன்றினார்.

இருவரும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நிலவின் தரையில் இருந்தனர். 21.5 கிலோ கல்லும் மண்ணும் சேகரித்தனர். நில அதிர்வை அளக்கும் கருவியையும், பூமியிலிருந்து வரும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடித் தொகுதியையும் நிறுவினர். கேமரா பெரும்பாலும் ஆம்ஸ்ட்ராங்கிடமே இருந்ததால், அப்பயணத்தின் புகழ்பெற்ற புகைப்படங்களில் இருப்பவர் ஆல்ட்ரின். நிலவில் முதலில் நடந்தவரின் தெளிவான நிழற்படங்கள் மிகச் சிலவே உள்ளன.

திரும்பிய மூவரும் அதே ஆண்டு உலகச் சுற்றுப்பயணம் மேற்கொண்டனர். அக்டோபரில் மும்பைக்கும் வந்தனர்.

புகழுக்கு விலகி நின்றவர்

அந்தப் புகழை வைத்து ஆம்ஸ்ட்ராங் அரசியலில் நுழைந்திருக்கலாம். அவர் 1971-இல் நாசாவை விட்டு விலகி, சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் பேராசிரியரானார். 1979 வரை அங்கே பாடம் நடத்தினார். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியபோது, காரணம் கண்டறிய அமைக்கப்பட்ட ஆணையத்தின் துணைத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

தம் கையெழுத்து அதிக விலைக்கு விற்கப்படுவதை அறிந்து, கையெழுத்திடுவதையே நிறுத்தினார். 2005-இல் அவருக்கு முடிவெட்டியவர் அந்த முடியை 3,000 டாலருக்கு விற்றபோது, அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தார். கடைசியில் அப்பணம் அறக்கொடைக்குச் சென்றது. நிலவுப் பயணம் ஏறத்தாழ 4 லட்சம் பேரின் உழைப்பு என்பதை அவர் திரும்பத் திரும்ப நினைவூட்டினார்.

அவரது ஒதுங்கிய இயல்பே சிலருக்குச் சந்தேகத்தைத் தந்தது. உண்மையிலேயே சென்றவர் என்றால் ஏன் வாய் திறப்பதில்லை என்று அவர்கள் கேட்டனர். பேட்டிகள் குறைவே என்றாலும் அவர் பேசாமல் இருந்ததில்லை. 2005-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றுக்காக அதன் ஆசிரியரிடம் பல மணி நேரம் பேசினார். 2010-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, நிலவுப் பயணத் திட்டத்தைக் கைவிடும் முடிவை எதிர்த்து வாதிட்டார்.

ஐயங்கள் பிறந்த விதம்

நிலவுப் பயணம் பொய் என்ற கருத்துக்கு முதலில் வலுவான வடிவம் தந்தவர் பில் கேசிங். ராக்கெட் எஞ்சின் நிறுவனம் ஒன்றில் முன்னர் தொழில்நுட்ப எழுத்தராக இருந்த அவர், 1976-இல் தம் சொந்தச் செலவில் ஒரு நூலை வெளியிட்டார். வியட்நாம் போரும் வாட்டர்கேட் ஊழலும் அரசின் மீது அமெரிக்க மக்கள் வைத்திருந்த நம்பிக்கையைக் குலைத்திருந்த காலம் அது. 2001-இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அந்த ஐயங்களை மீண்டும் பரப்ப, இணையம் அவற்றை உலகெங்கும் கொண்டுசென்றது. 2009-இல் வங்கதேச நாளிதழ்கள் இரண்டு, ஆம்ஸ்ட்ராங்கே தம் பயணத்தைப் பொய் என்று ஒப்புக்கொண்டதாகச் செய்தி வெளியிட்டன. அது ஓர் அமெரிக்க நையாண்டி இதழின் கற்பனை என்று தெரிந்ததும் வருத்தம் தெரிவித்தன.

பொதுவாக எழுப்பப்படும் கேள்விகளுக்குப் பள்ளி இயற்பியலே விடை தருகிறது. காற்றில்லாத நிலவில் கொடி எப்படி அசையும் என்பது முதல் கேள்வி. கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி செருகப்பட்டிருந்தது. அது முழுவதும் நீளாததால் துணி சுருங்கி, அசைவதுபோலத் தோன்றியது. கம்பத்தை ஊன்றும்போது கொடி ஆடியதும் உண்மையே. ஆட்டத்தைத் தணிக்கக் காற்று இல்லாத இடத்தில் அது சற்று நீண்ட நேரம் ஆடும்.

படங்களில் விண்மீன்கள் ஏன் இல்லை என்பது அடுத்தது. வீரர்கள் இறங்கியது நிலவின் பகல் நேரத்தில். வெயிலில் ஒளிரும் தரையையும் வெண்ணிற உடையையும் படம்பிடிக்கக் கேமரா கண நேரமே திறந்து மூட வேண்டும். அதற்குள் விண்மீன்களின் மங்கிய ஒளி பதிவாகாது. நிழல்கள் வெவ்வேறு திசையில் விழுவதற்கு மேடுபள்ளமான தரையும் அகன்ற கோண லென்ஸுமே காரணம். பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சு வளையங்களை அப்போலோ கலங்கள் அவற்றின் அடர்த்தி குறைந்த பகுதிகள் வழியே சில மணி நேரத்தில் கடந்தன. அணிந்திருந்த அளவிகள் வீரர்கள் பெற்ற கதிர்வீச்சு ஆபத்தான அளவை எட்டவில்லை என்று காட்டின.

ஐயம் கொள்பவர்கள் சுட்டும் ஒரு குறை மட்டும் மறுக்க இயலாதது. அப்போலோ-11 ஒளிபரப்பின் மூலக் காந்தநாடாக்கள் அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்கு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று நாசா 2009-இல் ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த பதிவுகளைக் கொண்டே காட்சிகள் சீரமைக்கப்பட்டன. வரலாற்று ஆவணத்தைக் காப்பதில் நேர்ந்த அந்த அலட்சியம் கண்டிக்கத்தக்கது. ஆனால் அதைக் கொண்டு பயணமே நடக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஏனெனில் பிற சான்றுகள் நாசாவின் கையில் மட்டும் இல்லை.

போட்டியாளரும் மறுக்காத சான்று

அப்போது நிலவுக்கான போட்டியில் எதிரணியில் இருந்தது சோவியத் ஒன்றியம். ஈகிள் நிலவில் நின்ற நேரத்தில், சோவியத்தின் ஆளில்லா லூனா-15 கலமும் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூலை 21 அன்று அது நிலவில் மோதி அழிந்தது. பிரிட்டனின் ஜோட்ரெல் பேங்க் வானொலித் தொலைநோக்கி இரு கலங்களின் சமிக்ஞைகளையும் பின்தொடர்ந்தது. ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக், பார்க்ஸ் நிலையங்கள் நிலவிலிருந்து நேரடியாக வந்த காட்சிகளைப் பெற்றன. அமெரிக்காவின் மோசடி ஒன்றை அம்பலப்படுத்த மாஸ்கோவைவிட அதிக ஆர்வம் யாருக்கும் இருந்திருக்க முடியாது. அத்தகைய குற்றச்சாட்டை மாஸ்கோ எழுப்பவே இல்லை.

ஆறு அப்போலோ பயணங்கள் மொத்தம் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தன. 1970-இல் சோவியத்தின் லூனா-16 கலம் ஏறத்தாழ 100 கிராம் நிலவு மண்ணைக் கொண்டுவந்தபோது, இரு நாடுகளும் தங்கள் மாதிரிகளைப் பரிமாறிக்கொண்டு ஒப்பிட்டன. நுண்ணிய விண்கற்கள் மோதிய குழிகள் நிலவுக் கற்களின் மேற்பரப்பில் காணப்படுகின்றன. காற்று மண்டலம் உள்ள பூமியில் அத்தகைய தடம் ஏற்படாது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தேவேந்திர லால் தலைமையிலான குழுவினரும் நிலவு மாதிரிகளை ஆராய்ந்தனர். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் வைத்துவிட்டு வந்த கண்ணாடித் தொகுதி லேசர் ஒளியை இன்றும் திருப்பி அனுப்புகிறது. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது என்பதை இத்தகைய அளவீடுகளே காட்டின.

கேள்வி கேட்பது குற்றமாகாது. விடை கிடைத்த பிறகும் அதைச் சரிபார்க்க மறுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அங்கே இருக்கும் கேமரா

பைபிள் மீது சத்தியம் செய்யுமாறு ஓர் ஆவணப்பட இயக்குநர் விண்வெளி வீரர்களைப் பின்தொடர்ந்தபோது, ஆம்ஸ்ட்ராங் இணங்கவில்லை. சத்தியத்தால் ஒரு பொறியியல் உண்மை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மறைவுக்குச் சில மாதங்கள் முன், ஆஸ்திரேலியக் கணக்காளர் அமைப்பு ஒன்றுக்கு அளித்த பேட்டியில் இந்த ஐயங்கள் பற்றிக் கேட்கப்பட்டது. அவை தம்மைக் கவலைப்படுத்தவில்லை என்றும், என்றேனும் யாராவது அங்கே சென்று தாம் விட்டுவந்த கேமராவை எடுத்துவருவார்கள் என்றும் அவர் அமைதியாகக் குறிப்பிட்டார்.

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் 2012 ஆகஸ்ட் 25 அன்று அவர் காலமானார். செப்டம்பர் 14 அன்று அவரது அஸ்தி அட்லாண்டிக் கடலில் சேர்க்கப்பட்டது.

அந்தக் கேமராவை எடுத்துவர இதுவரை யாரும் செல்லவில்லை. எனினும் அவர் இறங்கிய இடத்தை நாசாவின் ஆய்வுக்கலம் 2009 முதல் பலமுறை படம்பிடித்துள்ளது. 2021-இல் இஸ்ரோவின் சந்திரயான்-2 கலமும் அமைதிக் கடலின் மீது பறந்து அதே இடத்தைத் தன் கேமராவில் பதிவுசெய்தது. ஈகிள் விட்டுச்சென்ற அடிப்பகுதி அந்தப் படத்தில் தெரிகிறது. அமெரிக்கா சொன்னதை இந்தியா தன் கண்ணால் சரிபார்த்துக்கொண்டது. தணிக்கையாளரின் மகனுக்கு அது பிடித்திருக்கும்.