லூயி ஆம்ஸ்ட்ராங் ஏன் கார்னெட்டை விட்டு ட்ரம்பெட்டுக்கு மாறினார்?

ஜாஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருகிற முகம் லூயி ஆம்ஸ்ட்ராங். ஒரு கையில் கைக்குட்டை, உதட்டில் ட்ரம்பெட். ஆனா அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது ட்ரம்பெட் இல்லை, கார்னெட்.

1901-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கடும் வறுமையில் பிறந்தவர். 1912-ன் கடைசி இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் கைத்துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டார். 11 வயதில் சீர்திருத்த இல்லம். தண்டனைதான், ஆனா கார்னெட்டை முறையாகக் கற்றது அங்கேதான். பிறகு ஊரின் பெரிய கார்னெட் கலைஞர் ஜோ 'கிங்' ஆலிவர் அவரைச் சிஷ்யனாக்கி, தன் பழைய கார்னெட் ஒன்றையும் கொடுத்தார். 1922-ல் சிகாகோவிலிருந்த தன் குழுவுக்கும் அழைத்துக்கொண்டார்.

சரி, ரெண்டு வாத்தியத்துக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுமே பித்தளை, மூணு வால்வு, விரல் வைக்கிற முறையும் ஒண்ணுதான். குழாயைப் பிரித்து நீட்டினால் ரெண்டும் சுமார் நாலரை அடி. கார்னெட்டில் குழாய் படிப்படியாக விரிந்துகொண்டே போகும், அதனால் ஒலி மென்மையாக இருக்கும். ட்ரம்பெட்டில் பெரும்பகுதி ஒரே அகலம், ஒலி பளிச்சென்று கூர்மையாக வரும்.

ஆலிவர் குழுவில் பெரும்பாலும் எல்லாரும் பின்னிப் பிணைந்து ஒன்றாகவே வாசிப்பார்கள். அதற்குக் கார்னெட் கச்சிதம். வேறு ஒலி வேண்டுமானால் ஆலிவர் வாத்தியத்தை மாற்ற மாட்டார். கோப்பை, டம்ளர் என்று கிடைத்ததை வைத்துக் கார்னெட்டின் வாயை மூடித் திறப்பார்.

மனைவியும் பியானோ கலைஞருமான லில் ஹார்டினின் தூண்டுதலில், 1924-ல் ஆம்ஸ்ட்ராங் குருவை விட்டு விலகினார். 1925 இறுதியில் சிகாகோவின் வெண்டோம் தியேட்டரில், மௌனப் படங்களுக்கு இசைத்த எர்ஸ்கின் டேட் குழுவில் சேர்ந்தார். பக்கத்தில் வாசித்தவர் கையில் ட்ரம்பெட். அதன் அருகே கார்னெட் குட்டையாகத் தெரிந்தது, ஒலியும் சேரவில்லை. மாறினார். காரணம் இவ்வளவு சாதாரணம்தான். ஆனா தனி ஆளாக முன்னால் நின்று வாசிக்கிற அவர் பாணிக்கு அந்தக் கூர்மை நன்றாகப் பொருந்திவிட்டது.

1928-ல் அவர் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', எந்தத் துணையும் இல்லாத ட்ரம்பெட்டோடு தொடங்கும். அதை இயற்றியவர் ஆலிவர். குருவுக்கோ ஈறு நோய், நாளாக ஆக ஊதவே முடியாமல் போனது. கடைசியில் சவானா நகரில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் துப்புரவு வேலை செய்து, 1938-ல் வறுமையில் இறந்தார்.