ரத்தம் எப்போது ஏற்ற வேண்டும்? 200 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்த ஜேம்ஸ் பிளண்டெல்

பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு பெண் இறந்துபோனார். பக்கத்தில் மருத்துவர் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் இது அதிசயமான சம்பவம் இல்லை. ஆனால், அந்த மருத்துவரால் அதை மறக்க முடியவில்லை. போன ரத்தத்தைத் திரும்பக் கொடுத்தால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தார். அவர்தான் ஜேம்ஸ் பிளண்டெல்.

1790இல் லண்டனில் பிறந்தவர். தாய்மாமா ஜான் ஹைட்டன் உடலியங்கியல் ஆசிரியர். மருமகனுக்குச் சோதனை செய்து பார்க்கும் பழக்கம் வந்தது அவரிடமிருந்துதான். எடின்பரோவில் 1813இல் பட்டம் வாங்கிவிட்டு, லண்டன் கைஸ் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். பிரசவத்தில் தேவையில்லாமல் கை வைக்காதீர்கள் என்று மாணவர்களை எச்சரித்தவர். ரத்தம் ஏற்றுவதிலும் அதே குணம்தான் பின்னால் வெளிப்பட்டது.

ரத்தம் ஏற்றுவது அப்போது கெட்ட பெயர் வாங்கியிருந்த வேலை. 1667இல் பாரிஸில் ழான் பாப்டிஸ்ட் டெனி என்பவர் விலங்குகளின் ரத்தத்தை மனிதர்களுக்கு ஏற்றப்போய், ஒரு நோயாளி இறந்து, வழக்கு நீதிமன்றம் வரை போனது. பிரான்ஸில் அதற்குத் தடை வந்தது. அப்புறம் சுமார் 150 ஆண்டுகளுக்கு யாரும் பெரிதாக அந்தப் பக்கம் போகவில்லை.

பிளண்டெல் முதலில் நாய்களிடம் சோதித்தார். ரத்தத்தை வடித்து, சாகும் நிலைக்கு வந்த நாய்க்கு இன்னொரு நாயின் ரத்தத்தை ஏற்றினால் பிழைத்தது. வேறு இன விலங்கின் ரத்தம் என்றால் ஆபத்து. ஆக, மனிதனுக்கு மனித ரத்தம் மட்டும்தான் என்று முடிவு கட்டினார். ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடும், காற்றுக்குமிழி உள்ளே போகக் கூடாது. இதற்கெல்லாம் ஏற்ற மாதிரி தனிக் கருவிகளையும் செய்தார்.

1818 டிசம்பரில், இரைப்பைப் புற்றுநோயால் உருக்குலைந்து சாகக் கிடந்த ஒருவருக்கு, பல பேரிடமிருந்து எடுத்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மொத்தம் 12 முதல் 14 அவுன்ஸ், அதாவது 400 மில்லிக்குள். ஆள் கொஞ்சம் தெளிந்தார். ஆனால் 56 மணி நேரத்தில் இறந்துவிட்டார். ரத்தம் தெம்பு கொடுக்கலாம், புற்றுநோயை என்ன செய்யும்?

வெற்றி என்று சொல்லத்தக்கது, பிரசவத்துக்குப் பின் ரத்தம் இழந்த ஒரு பெண்ணிடம் கிடைத்தது. உடனிருந்த ஒருவரின் கையிலிருந்து எடுத்த சுமார் 8 அவுன்ஸ் ரத்தம், மூன்று மணி நேரத்தில் ஏற்றப்பட்டது. பெண் பிழைத்தார். 1829இல் லான்செட் இதழில் அந்த விவரம் வெளியானது. அவர் செய்த சுமார் பத்து முயற்சிகளில் ஏறக்குறைய பாதிதான் பலன் தந்தது.

இதனால்தான் கண்டபடி ரத்தம் ஏற்றுவதை அவர் ஏற்கவில்லை. வேறு வழியே இல்லை, விட்டால் உயிர் போய்விடும் என்ற நிலைக்கு மட்டும்தான் இது என்றார். அவரிடம் ஹீமோகுளோபின் அளவு காட்டும் கருவி கிடையாது. நாடி, முகத்தின் வெளிறல், மூச்சு, ரத்தம் இன்னும் போகிறதா என்பது, இவைதான் கணக்கு. ரத்த வகைகள் உண்டு என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் அதைக் கண்டுபிடித்தது 1901இல். பிளண்டெலின் நோயாளிகளில் சிலருக்குப் பொருந்தாத ரத்தமே போயிருக்கக்கூடும்.

ரத்த வகை தெரிந்ததும் பயம் போனது. கூடவே நிதானமும் போனது என்றே சொல்ல வேண்டும். 1942இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜான் லண்டி, அறுவை சிகிச்சைக்கு முன் ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தம் ஏற்றலாம் என்று ஆலோசனை சொன்னார். அது பல பத்தாண்டுகளுக்கு எழுதப்படாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது. 1999இல் கனடாவில் தீவிர சிகிச்சையில் இருந்த 838 பேரிடம் நடந்த ஆய்வுதான் அதை ஆட்டிவைத்தது. அளவு 7க்குக் கீழே போகும்வரை காத்திருந்தவர்கள், 10ஐத் தாண்டியே வைக்கப்பட்டவர்களைவிட மோசமாகவில்லை.

இன்று நிலையாக இருக்கும் நோயாளிக்கு 7, இதய நோய் உள்ளவருக்கும் எலும்பு அறுவை சிகிச்சைக்கும் 8 என்பது பொதுவான எல்லை. இதுவும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதற்கு இல்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சோகை வந்தவரின் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். அரை மணியில் ஒரு லிட்டர் இழந்தவருக்கு, அளவு 10 காட்டினாலும் ஆபத்துதான். சோகையோடு மேசையில் படுப்பவருக்குக் கைவசச் சேமிப்பு குறைவு. கொஞ்சம் ரத்தம் போனாலும் இதயம் திணறும். அறுவை சிகிச்சை அவசரம் இல்லை என்றால், சில வாரங்கள் தள்ளிவைத்து இரும்புச்சத்து கொடுத்து அளவை ஏற்றுவது ரத்தப் பையைத் தேடி ஓடுவதைவிட நல்லது. அவசரம் என்றால் அதற்கு நேரம் ஏது?

மருத்துவமனை நிர்வாகத்தோடு மனக்கசப்பாகி, 1830களில் கைஸை விட்டு விலகினார் பிளண்டெல். 1847இல் மருத்துவத் தொழிலையும் நிறுத்திக்கொண்டார். நல்ல சொத்து சேர்த்திருந்தார். 1878 ஜனவரியில், 87 வயதில் இறந்தார். படுக்கையருகே வைத்து ஹீமோகுளோபினை அளக்கும் ஒரு கருவியை வில்லியம் கோவர்ஸ் அதே லண்டனில் அறிமுகப்படுத்தியது அதையொட்டித்தான்.