கலிலியோவும் வீழ்பொருளும்

உயர்தரப் பரீட்சைக்கு இயக்கவியலை மீட்டும் மாணாக்கன், ஓய்விலிருந்து சீரான ஆர்முடுகலோடு இயங்கும் பொருள் கடக்குந் தூரம் நேரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும் என்பதை ஒரு மூச்சில் ஒப்புவித்துவிடுவான். அவ்வொரு வரியை இளமையில் தேடத் தொடங்கிய அறிஞர், கண்ணொளி இழந்த முதுமையிலேதான் அதனை அச்சேற்ற முடிந்தது என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் அரியர்.

கலிலியோ கலிலி 1564 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15 ஆம் நாள் இத்தாலி தேசத்துப் பைசா நகரிற் பிறந்தார். தந்தையார் வின்சென்சோ இசைவாணர். நரம்பின் இழுவைக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பைத் தாமே சோதித்துப் பார்த்தவர். மைந்தரை மருத்துவராக்க விழைந்து 1581 இற் பைசாப் பல்கலைக்கழகத்திற் சேர்த்தார். மைந்தரோ கணிதத்துக்கு மனத்தைப் பறிகொடுத்து, 1585 இற் பட்டம் பெறாமலே வெளியேறினார். அவரே 1589 இல் அதே பல்கலைக்கழகத்திற் கணித ஆசிரியராக அமர்ந்தமை, பட்டமே வாழ்வென்றிருக்கும் நம்மவர் வியத்தற்குரியது.

சாய்கோபுரத்து உச்சியிலிருந்து அவர் குண்டுகளை விழுத்திய கதையை அறியாதார் இலர். அது மாணாக்கர் விவியானி எழுதிய வரலாற்றில் வருவது. கலிலியோ தம் நூல்களில் அதனைக் கூறினாரல்லர். அதனினும் சுவையுடையது அவர் தாமே விரித்துரைத்த சோதனை.

1592 இற் பதுவா நகரஞ் சென்று 18 ஆண்டு கற்பித்தார். வீழ்பொருள் கண்ணிமைக்கும் முன் நிலத்தை அடைந்துவிடும். செக்கனை நம்பத்தக்கவாறு அளக்குங் கடிகாரமும் அந்நாளில் இல்லை. ஆகவே வீழ்ச்சியை மெதுவாக்க எண்ணினார். ஏறக்குறைய 12 முழ மரச்சட்டத்தில் நேரான தவாளிப்பு வெட்டி, வழவழப்பான தோற்றாள் ஒட்டி, ஒரு தலையைச் சிறிது உயர்த்தி, வெண்கலக் குண்டை உருளவிட்டார். பாத்திரத்தின் அடியிற் பொருத்திய நுண்குழாய் வழியே ஒழுகிய நீரை ஏந்தித் தராசில் நிறுத்து நேரத்தை அறிந்தார். சமநேரங்களிற் குண்டு கடந்த தூரங்கள் 1, 3, 5, 7 என ஒற்றையெண் வரிசையில் நின்றன. கூட்டினால் 1, 4, 9, 16. வீழ்பொருள் முதற் செக்கனில் 4.9 மீற்றரும் அடுத்த செக்கனில் 14.7 மீற்றரும் விழும் என இன்று கணிக்கும் மாணாக்கன் காண்பதும் அவ்வொன்றும் மூன்றுமே.

எனினும் காரணங் கூறுமிடத்து அவர் வழுக்கினார். 1604 இல் நண்பர் பவுலோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், வேகம் விழுந்த தூரத்திற்கு ஏற்ப வளர்கின்றது என்றார். நம் மாணாக்கர் இடறுவதும் இங்கேதான். இருமடங்கு உயரத்திலிருந்து விழும் பொருள் இருமடங்கு வேகத்தோடு நிலத்தை அடையும் என எழுதிப் புள்ளியை இழப்பர். அடைவது ஏறத்தாழ 1.41 மடங்கே. வேகம் நேரத்தோடு வளர்கின்றது எனப் பின்னர்த் தெளிந்த கலிலியோ, தாம் முன்பு மயங்கியதை மறையாது தம் நூலிலும் பொறித்துவைத்தார்.

1609 இல் தொலைகாட்டி கைக்கு வந்தபின் வானம் அவரைக் கவர்ந்துகொண்டது. அக்கதை பலரும் அறிந்ததே. பூமி ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்னுங் கொள்கைக்காக 1633 இல் உரோமாபுரிச் சமய விசாரணை மன்று அவரைத் தண்டித்தது. நூல்களை அச்சிடலாகாது என்ற தடையும் விழுந்தது. புளோரன்சு நகருக்கு அண்மையில், ஆர்ச்செத்திரியிலுள்ள தம் இல்லத்திற் காவலுட்பட்டிருந்த முதியவர், பதுவாக் காலத்து ஆராய்ச்சிகளை மீண்டும் கையிலெடுத்தார். தடை செல்லாத ஒல்லாந்தின் லெய்டன் நகரில் 1638 இல், இரு புதிய அறிவியல்கள் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. அதனைப் படித்துப் பார்க்க அப்பொழுது அவருக்குப் பார்வை இல்லை.

1642 சனவரி 8 ஆம் நாள் உயிர் நீத்தார். தொசுக்கானி நாட்டுக் கோமகன் சிறப்பான சமாதி எழுப்ப விரும்பியும் திருச்சபை இசையவில்லை. சாந்தா குரோசே தேவாலயத்தின் ஒரு சிற்றறையிற் கிடந்த உடலை, 1737 இலேதான் ஆலயத்தின் முதன்மைப் பகுதிக்கு மாற்றினர்.