ஓவியர் மணியத்தின் பங்கு

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எனக்கு வந்தியத்தேவனைத் தெரியும். செங்கல்பட்டில் எங்கள் வீட்டு அலமாரியில், 'கல்கி' இதழிலிருந்து வாரந்தோறும் பிரித்தெடுத்துத் தைத்த 'பொன்னியின் செல்வன்' பைண்டு தொகுப்புகள் இருந்தன. பெரியவர்கள் கதையைப் படித்தார்கள். சிறுவர்களாகிய நாங்கள் படத்தைப் பார்த்தோம். அக்காலத்தில் சிறுவர் நூல் என்று தனியாக வாங்க வசதியில்லாத குடும்பங்களில் தொடர்கதைப் படங்களே பிள்ளைகளின் படப் புத்தகம்.

அப்படங்களை வரைந்த மணியத்தின் இயற்பெயர் சுப்பிரமணியம். 1924-இல் பிறந்தவர். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, 'கல்கி' இதழின் ஓவியரானார். 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது அவருக்கு வயது 26. 1954 மே மாதம் வரை, மூன்றரை ஆண்டுகள், வாரம் தவறாமல் அவர் படம் வரைய வேண்டியிருந்தது.

எழுதியதை நூலாக்கும்போது எழுத்தாளர் திருத்திக்கொள்ளலாம். வார இதழ் ஓவியருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வரைந்த படம் பிளாக் செய்பவரிடம் சென்று, உலோகத் தகட்டில் பதிந்து, அச்சேறிவிடும். மெல்லிய கோடுகளை மட்டமான தாள் விழுங்கிவிடும். தயங்கிய கோடு அப்பட்டமாகத் தெரியும். மணியத்தின் கோடுகளில் காணும் உறுதிக்குக் கலைத்திறன் மட்டுமன்று, இந்தத் தொழிற்கட்டாயமும் காரணம் என்பது என் எண்ணம்.

அதைவிடக் கடினமானது சான்றுகளைத் தேடுவது. பத்தாம் நூற்றாண்டுச் சோழ இளவரசி எப்படி உடுத்தினாள், எப்படிக் கூந்தல் முடிந்தாள்? தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல்தான் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னார். இவை தவிரச் செப்புத் திருமேனிகளும் கற்சிற்பங்களுமே துணை. கல்கி தம் களப் பயணங்களுக்கு ஓவியரையும் அழைத்துச் சென்றவர். அன்றைய பதிப்புலகில் அது அரிய செலவு.

எங்கள் மாவட்டத்து மாமல்லபுரமும் இத்தகைய சான்றுகளைத் தருவதே. ஆதிவராகர் குகையில் பல்லவ மன்னர் இருவர் தத்தம் தேவியரோடு செதுக்கப்பட்டுள்ளனர். உயர்ந்த மகுடத்தையும் ஆடையின் மடிப்பையும் அணிகலன்களையும் அங்கே நேரில் காணலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை வருவதற்கு முன்னர், ரயிலில் செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செல்லும் ஓவிய மாணவர்களை வரைபலகையும் கையுமாக நான் பார்த்திருக்கிறேன்.

'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனும் பார்த்திபேந்திரனும் முதியவர் மலையமானும் மாமல்லபுரத்தில்தான் கூடிப் பேசுகிறார்கள். கதை நிகழும் காலத்தில் அந்த ரதங்களுக்கே ஏறத்தாழ 300 வயது. பல்லவர் விட்டுச்சென்ற கற்களின் நடுவே சோழரை நிறுத்தும் இத்தகைய இடங்களில் ஓவியர் இரண்டு காலங்களைக் கலந்துவிடாமல் காட்ட வேண்டும்.

நந்தினியின் சாய்ந்த ஆண்டாள் கொண்டையையும் குந்தவையின் நிமிர்ந்த கொண்டையையும் கல்கி சொற்களில் தந்தார். முகம் திரும்பியிருந்தாலும் இன்னார் என்று நாம் அறியும்படி அவற்றை நிலைநிறுத்தியவர் மணியம். சிற்பங்களில் பெண்களுக்குப் பெரும்பாலும் மேலாடை இல்லை. மணியத்தின் பெண்கள் கச்சை அணிந்திருக்கிறார்கள். வரலாற்றுப் பிழை என்பாரும் இருக்கலாம். குடும்ப இதழின் சந்தை அறிந்த முடிவு என்பேன் நான்.

1954 டிசம்பரில் கல்கி மறைந்தார். மணியம் 1968-இல், 44 வயதில் காலமானார். மகன் மணியம் செல்வனும் புகழ்பெற்ற ஓவியர். 2022, 2023-இல் இக்கதை இரு பாகத் திரைப்படமாக வந்தபோது, பாத்திரங்களின் தோற்றத்தைப் பலர் ஒப்பிட்டுப் பார்த்தது மணியத்தின் படங்களோடுதான்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பின் மலிவுப் பதிப்புகள் பெருகின. அவற்றுள் பலவற்றில் படமே கிடையாது. படம் உரிமையில் வேறு சரக்கு என்பது இதில் வெளிப்படுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், இதழில் சம்பளத்துக்கு வரைந்த படத்தை இதழில் வெளியிடும் உரிமையே உரிமையாளருக்கு. மற்றெல்லா உரிமையும் ஓவியருக்கு. சம்பளத்தோடு கணக்கு முடிந்தது என்று எண்ணிய ஓவியர்கள் எத்தனை பேரோ! சட்டத்தின் இந்தப் பாதியைக் கவின்கலைக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே கற்பிக்கலாம்.

ஓவியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். அந்தக் கணக்கில் மணியத்தின் படங்கள் பொதுச்சொத்தாவது 2029 ஜனவரி முதல் நாள். அதற்குள் அவருடைய மூலப்படங்களில் எஞ்சியவற்றைத் தேடிப் பட்டியலிட்டு, அச்சுப் பிரதிகளோடு ஒருங்கே பாதுகாக்கும் பணியை அரசு அருங்காட்சியகம் மேற்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுத் தொகுப்பில் தாள்கள் இப்போதே ஓரம் பொடிகின்றன.