பரமக்குடியில் வெட்டுண்ட இம்மானுவேல் சேகரன்

நம்மவர்களில் பலருக்குப் பூர்வீகம் இராமநாதபுரம் ஜில்லா. ஆகையால் பரமக்குடியும் முதுகுளத்தூரும் ஈப்போவில் கடை வைத்திருக்கும் நமக்குப் புதிய பெயர்கள் அல்ல. அந்நாளில் பேராக் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஏராளம். கடல் தாண்டி வந்த பிறகும் சில தோட்டங்களில் அவர்களுக்கு லயன் தனியாகவே இருந்தது. தாய்நாட்டில் தங்கிவிட்டவர்களின் கதியை அறிய இம்மானுவேல் சேகரனின் வரலாற்றைப் பார்ப்போம்.

அவர் 1924 அக்டோபர் 9-ல் முதுகுளத்தூர்ப் பக்கம் செல்லூரில், தேவேந்திர குலத்தில் பிறந்தார். தகப்பனார் வேதநாயகம் பள்ளி ஆசிரியர். இம்மானுவேல் பட்டாளத்தில் சேவை செய்து ஊர் திரும்பினார். தேநீர்க் கடைகளில் தம் மக்களுக்குத் தனிக்குவளை வைக்கும் வழக்கத்தை எதிர்த்துக் கிராமம் கிராமமாகப் பேசினார். காங்கிரஸில் நின்று உழைத்தார்.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் தனிச் சட்டமும் வந்தது. வியாபாரிகளாகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும். தீண்டாமை காரணமாக ஒருவனைக் கடைக்குள் விடாவிட்டாலும், சரக்குக் கொடுக்க மறுத்தாலும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்த 1955-ஆம் வருஷச் சட்டம் அன்று விதித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் புகார் கொடுத்தவன் பொழுது சாய்ந்ததும் அதே ஊருக்கல்லவா திரும்ப வேண்டும்? கூலி வேலையும் கடனும் எதிராளியின் கையில் அல்லவா?

1957-ல் முதுகுளத்தூர் சட்டசபை இடைத்தேர்தலுக்குப் பின் மறவர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் மோதல் மூண்டது. செப்டம்பர் 10-ல் கலெக்டர் பணிக்கர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். முத்துராமலிங்கத் தேவர் போன்ற பெருந்தலைவர்கள் வந்த அந்தச் சபையில் இம்மானுவேலும் தம் மக்களின் பிரதிநிதியாகச் சமமாக உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 32. கலெக்டரின் பாதுகாப்பு அந்தச் சபையோடு முடிந்தது போலும். மறுநாள் இரவு பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள்.

பிறகு ஜில்லாவே பற்றி எரிந்தது. குடிசைகள் சாம்பலாயின. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. செப்டம்பர் 14-ல் கீழத்தூவலில் போலீஸார் சுட்டதில் மறவர் ஐவர் மாண்டனர். கொலை வழக்கில் தேவரும் குற்றம் சாட்டப்பட்டார். 1959 ஜனவரியில் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

2010-ல் இந்திய சர்க்கார் இம்மானுவேலுக்குத் தபால்தலை வெளியிட்டது. அடுத்த வருஷம், 2011 செப்டம்பர் 11-ல், அவருக்கு அஞ்சலி செலுத்தப் பரமக்குடியில் கூடிய மக்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திற்று. அதிலும் உயிர்கள் போயின.