கவ்வாத்துக் காலம்

ஹற்றனில் எங்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் தேயிலை மலைதான். சில வருடங்களுக்கு ஒருமுறை அந்த மலையில் கவ்வாத்து வெட்டுவார்கள். காலையில் பச்சைப்பசேலென்று இருந்த இடம் மாலைக்குள் வெறும் குச்சிகளாகிவிடும். சின்ன வயதில் அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். வெட்டாவிட்டால் செடி மரமாக வளர்ந்துவிடும், கொழுந்தும் குறைந்துவிடும் என்று வாப்பாதான் விளங்கப்படுத்தினார். டவுனில் சிறிய கடை வைத்திருந்த அவர், தோட்டத்து ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் அது.

இரண்டு வருடங்களுக்கு முன் வாப்பா நோயில் விழுந்தார். ஏழு மாதங்கள் நாங்கள் கேட்காத துஆ இல்லை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை ஸுபஹுடைய நேரத்தில் அவர் மவுத்தானார். அதன் பிறகும் நான் தொழுதேன்; ஆனால் கையேந்த மனம் வரவில்லை. அல்லாஹ் எங்கள் விஷயத்தில் மௌனமாகிவிட்டானோ என்ற எண்ணம் உள்ளே இருந்தது. அதை வெளியில் சொல்லவும் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் மாமா என்னைக் கண்டி ஹல்லொலுவை வீதியிலுள்ள ஒறாபி பாஷா வாழ்ந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அது இப்போது நூதனசாலையாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு பெயராக மட்டும் நான் படித்திருந்த மனிதர், அன்று எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போலானார். அவருடைய வாழ்வைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

அஹ்மத் ஒறாபி 1841இல் எகிப்தின் ஸகாஸீக் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். இதை வாசித்த இடத்தில் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பின்னர் அவர் அல்அஸ்ஹரில் கற்று, இராணுவத்தில் சேர்ந்து, இருபது வயதளவிலேயே லெப்டினன்ட் கேணலானார். உயர்பதவிகள் துருக்கிய வம்சத்தினருக்கே என்றிருந்த காலத்தில், விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான அவர் சாதாரண எகிப்தியரின் குரலானார். 1881 செப்டெம்பரில் படையினரோடு அப்தீன் மாளிகையின் முன் நின்று மக்களின் உரிமைகளைக் கேட்டார். அடுத்த ஆண்டு யுத்த அமைச்சரானார். 1882 ஜூலையில் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்ஸாந்திரியா மீது குண்டு பொழிந்தன. செப்டெம்பர் 13ஆம் திகதி தல் அல்கபீரில் நடந்த சண்டையில் அவரது படை தோற்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. சொத்துகளும் பறிபோயின.

1883 ஜனவரியில் அவரும் தோழர்கள் ஆறு பேரும் குடும்பங்களோடு கொழும்பில் வந்திறங்கினார்கள். அப்போது நம் மலைநாடும் ஒரு கவ்வாத்துக் காலத்தில்தான் இருந்தது. 1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை, அந்த இடத்தை மெல்ல நிரப்பிக்கொண்டிருந்தது.

ஒறாபி பாஷா தாயகம் திரும்பப் பல முறை விண்ணப்பித்தார். பதில் வரவில்லை, வந்த பதிலும் மறுப்பாகவே இருந்தது. கொழும்பின் காலநிலை ஒத்துக்கொள்ளாமல், 1892இல் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். தோழர்களில் மூவர் இந்த மண்ணிலேயே மறைந்தனர். அரபுக் கவிதைக்குப் புத்துயிர் கொடுத்த மஹ்மூத் ஸாமி அல்பாரூதி பார்வை மங்கிய நிலையில் 1899இல் நாடு திரும்பினார். ஒறாபி பாஷா இன்னும் காத்திருந்தார்.

வெளியே இருந்து பார்த்தால் பதினெட்டு வருட மௌனம். ஆனால் அந்த மௌனத்துக்குள் அல்லாஹ் ஒரு வேலையை நடத்திக்கொண்டிருந்தான். ஒறாபி பாஷா வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1882 டிசம்பரில், கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். மார்க்கம் போய்விடுமோ என்ற பயத்தில் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பாதிருந்த சமூகத்தை விழிக்கச் செய்ய அவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒறாபி பாஷா உறுதுணையானார். அல்அஸ்ஹரில் கற்ற ஒருவரே நவீன கல்வியை வலியுறுத்தியபோது மக்கள் செவிசாய்த்தார்கள். முதல் முயற்சி நிலைக்கவில்லை. அவர்கள் மனம் தளரவில்லை. வாப்பிச்சி மரைக்காரின் பெரும் உழைப்போடு, 1892 ஆகஸ்டில் மருதானையில் ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியானது. சித்திலெப்பை கண்டியில் நம்மைப் போன்ற பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை அமைத்தார். இன்று நாம் அணியும் வெள்ளைச் சீருடையின் முதல் இழை அந்தக் காலத்தில் நூற்கப்பட்டது.

ஒறாபி பாஷா கேட்டது தாயகம். அல்லாஹ் அவருக்கு முதலில் கொடுத்ததோ, அவர் கேட்காத ஒரு பணி.

பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசர் 1901இல் கண்டிக்கு வந்துசென்ற சில வாரங்களில் மன்னிப்பு கிடைத்தது. அவ்வாண்டே எகிப்து திரும்பினார். ஆனால் அங்கே பூமாலை காத்திருக்கவில்லை. புதிய தலைமுறைத் தேசியவாதிகள் அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். 1911இல், எகிப்து இன்னும் பிரித்தானியரின் பிடியில் இருக்கும்போதே அவர் கண்ணை மூடினார். தாயகம் அவரை வீரராகக் கொண்டாடியது வெகு காலத்துக்குப் பிறகுதான். தன் வாழ்வின் விளைச்சலை முழுதாகக் காணாமலே அவர் போய்விட்டார்.

இதை நினைக்கும்போதெல்லாம் ஸூரத்துள் ளுஹா ஞாபகம் வரும். வஹீ சிறிது காலம் வராமலிருந்து, நபி (ஸல்) அவர்கள் மனம் வருந்தியிருந்த வேளையில் இறங்கிய ஸூரா அது. தன் மிக நேசத்துக்குரியவருக்கே அல்லாஹ் ஒரு காத்திருப்பை வைத்தான் என்றால், காத்திருப்பு கைவிடுதல் ஆகாது. அது ஒரு பக்குவப்படுத்தல்.

சகோதரிகளே, வாப்பாவை அல்லாஹ் ஏன் அவ்வளவு சீக்கிரம் அழைத்துக்கொண்டான் என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஒறாபி பாஷாவின் கதை அதற்கு விடை சொல்லவில்லை. விடை தெரியாமலும் ஒரு மனிதர் பயனுள்ளவராக வாழலாம் என்பதை மட்டும் சொன்னது. கடையில் இப்போது உம்மா உட்காருகிறார். லீவில் வீட்டுக்குப் போனால் கணக்குக் கொப்பியை நான் பார்க்கிறேன். பொடியன்களுக்குத்தான் கணக்கு வரும் என்று சொல்லும் ஊரில், வாப்பாவின் கடனெல்லாம் அந்தக் கொப்பியால்தான் தீர்ந்தது.

போன தடவை போனபோது பின்மலையில் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். மலை மொட்டையாக நின்றது. இம்முறை நான் அழவில்லை. பின்கதவில் நின்றபடியே, நீண்ட நாளைக்குப் பிறகு, வாப்பாவுக்காகக் கையேந்தினேன்.