முள் குத்திப் பார்த்தவர்

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது, பிறகு சீழ் கட்டுகிறது. இதெல்லாம் கிருமிகளின் வேலை என்றுதானே நினைக்கிறீர்கள்? 140 ஆண்டுகளுக்கு முன் பெரிய பெரிய மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அது நம் உடல் நடத்தும் சண்டை என்று சொன்னவர் இலியா மெச்னிகாஃப். அவர் மருத்துவரே அல்ல, விலங்கியல் படித்தவர்!

1845-ம் ஆண்டு, இன்றைய உக்ரைனில் உள்ள கார்கிவ் நகருக்கு அருகில் பிறந்தார். நான்கு வருடக் கல்லூரிப் படிப்பை இரண்டே வருடங்களில் முடித்த கெட்டிக்காரர். ஒடெசா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1882-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, குடும்பத்துடன் இத்தாலியின் மெசினா நகரில் தங்கினார்.

ஒருநாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடப்பது அப்படியே தெரியும். அதனுள் சில அணுக்கள் ஊர்ந்து திரிவதைக் கண்டார். இவை எதிரியைத் தாக்குமோ என்று சந்தேகம் வந்தது. தோட்டத்து ரோஜாச் செடியில் முள் பறித்து வந்து, குஞ்சின் உடலில் குத்தினார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன!

நட்சத்திர மீனுக்கு நம்மைப் போல ரத்தக் குழாய்கள் கிடையாது. நமக்கு உண்டு. அவற்றில் மிக மெல்லியவை தந்துகிகள். சிவப்பணுக்கள் அதில் ஒவ்வொன்றாக வரிசையில்தான் போக முடியும். கிருமி புகுந்ததும், வெள்ளையணுக்கள் சிறு குழாய்களின் சுவரில் ஒட்டி, இடுக்கு வழியாக நுழைந்து வெளியே வருகின்றன. கிருமியை விழுங்கிச் செரித்து விடுகின்றன.

இதை எல்லோரும் எளிதில் ஏற்கவில்லை. வெள்ளையணுக்கள்தான் கிருமிகளைச் சுமந்து போய் உடலெங்கும் பரப்புகின்றன என்றார்கள். மெச்னிகாஃப் விடவில்லை. டாப்னியா என்னும் பொடிப் பூச்சி குளத்து நீரில் இருக்கும். ஊசி போன்ற காளான் வித்துகள் அதன் குடலைத் துளைத்து உள்ளே போவதைப் பார்த்தார். அணுக்கள் வித்துகளைத் தின்று தீர்த்தால் பூச்சி பிழைத்தது. வித்துகள் பெருகிவிட்டால் பூச்சி செத்தது. யார் யாருக்கு எதிரி என்பது தெளிவாகி விட்டதல்லவா?

தின்னும் அணுக்களில் பெரியவற்றுக்கு அவர் வைத்த பெயர் மேக்ரோஃபேஜ். இவை நம் மண்ணீரலில் நிறைய உண்டு. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் ஒளிந்து வாழும். ரத்தம் மண்ணீரலின் குறுகிய இடுக்குகளைக் கடக்கும்போது, விறைத்துப்போன அந்தச் சிவப்பணு மாட்டிக்கொள்ளும். மேக்ரோஃபேஜ் அதை ஒட்டுண்ணியோடு சேர்த்து விழுங்கிவிடும். ஒட்டுண்ணி மட்டும் லேசுப்பட்டதா? கொடிய மலேரியாவில், தான் குடியிருக்கும் சிவப்பணுவைச் சிறு குழாய்களின் சுவரில் ஒட்ட வைத்து, மண்ணீரல் பக்கமே போகாமல் ஏமாற்றும். மூளையின் குழாய்களில் இப்படி அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மலேரியாக் காய்ச்சலுக்கு உடனே மருந்து தேவை.

கிருமிகளைக் கொல்வது அணுக்கள் அல்ல, ரத்தத்தின் நீர்தான் என்று வேறு சிலர் வாதாடினார்கள். அந்தப் பக்கம் நின்றவர் பால் எர்லிக். 1908-ல் நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ரத்த நீரில் உள்ள எதிர்ப்பொருள்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ள, அணுக்கள் அதைச் சுலபமாக விழுங்குகின்றன என்பது இன்று நமக்குத் தெரியும்.

மெச்னிகாஃப் 1888 முதல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் உழைத்தார். பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் நீண்ட ஆயுள் தரும் என்று நம்பி, புளித்த பாலை விரும்பிக் குடித்தார். நம் வீட்டுத் தயிரைப் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்! 1916-ல் காலமானார். அவருடைய அஸ்தி அந்த நிறுவனத்தின் நூலகத்திலேயே வைக்கப்பட்டது.